மண்ணுக்குக் கணக்கெழுதிய ஆடிட்டர்

திருவல்லிக்கேணிக் கடைத்தெருவிலே பனைவெல்லத்தையும் கரும்பு வெல்லத்தையும் விலை கேட்டு வாங்கும் தோழர்களே! அந்த இரண்டு வெல்லங்களுக்குள்ளே நமது சோற்றுப் பிரச்னை அடங்கிக் கிடக்கிறது என்று கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜே. சி. குமரப்பா.

1892-ல் தஞ்சையில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குப் பயின்று பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று, வெள்ளையன் வாங்கிய வரி இந்தியாவை எப்படி வறுமையில் தள்ளியது என்று ஆராய்ந்தார். 1929-ல் திரும்பி வந்து காந்தியாரைச் சந்தித்தார். கோட்டு போயிற்று, கதர் வந்தது. 1934-ல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு அவரே காரியதரிசி.

ஆடிட்டர் புத்தி அவரை விடவில்லை. மண்ணுக்கும் வரவு செலவு பார்த்தார். எள்ளும் கடலையும் ஊர்ச் செக்கிலே ஆடினால் புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, சாணமாகி வயலுக்கு வருகிறது. வித்தாகவே கப்பலேறினால் மண்ணின் சத்தும் கூடவே கப்பலேறுகிறது! கழிவையெல்லாம் கம்போஸ்டு ஆக்கச் சொன்னார். ரசாயன உரத்தை அவர் நம்பவில்லை; சாணம் போடாத டிராக்டரையும் விரும்பவில்லை. உழைப்பவன் முதுகு ஒடிவதைக் குறைக்கும் இயந்திரத்தை நாம் வெறுப்பதற்கில்லை. ஆனால் பனைமரக் கணக்கிலே அவரை வெல்ல யாரால் முடியும்? கரும்பு நல்ல நன்செயைப் பிடித்து ஆண்டு முழுவதும் தண்ணீர் குடிக்கிறது. பனையோ வறண்ட தரிசிலும் வரப்பிலும் தானாக நின்று இனிப்புத் தருகிறது. வெல்லத்தைப் பனையிடம் வாங்கிக்கொண்டு நன்செயை நெல்லுக்கு விடு என்பதே அவர் வாதம்.

வரப்பிலே மரம் வைப்பவன் யார்? அடுத்த போகத்துக்கு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைக்காரனா எரு அடிப்பான்? வேம்பு நிழல் தருமுன்னே அவனை வெளியேற்றிவிடுவார்களே! குமரப்பா தலைமையில் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் கமிட்டி 1949-ல் அறிக்கை கொடுத்தது. இடைத்தரகர் ஒழிய வேண்டும், ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உழுதவனுக்கு நிலத்தில் முழு உரிமை வேண்டும் என்றது. கட்சி கேட்டு வாங்கிய அறிக்கைதான். ஆனால் 1955-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த சட்டம் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுத்ததே தவிர, அவரை நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கவில்லை.

கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியார் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார். 1961-ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரை விட்டுவைத்தது. அதை 15 ஆகக் குறைக்க 1970 வர வேண்டியிருந்தது.