குறைந்த கிரேடு வாங்கிய ஆய்வேடு நோபல் வரை போனது எப்படி?

காஸ்டிக் சோடா வலிமையான காரம், அமோனியா வலிமை குறைந்த காரம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. ஏன் அப்படி? பதிலுக்கு வழி காட்டியவர் ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ஹீனியஸ் (1859–1927).

1884-ல் அவர் கொடுத்த ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நம்பவில்லை. குறைந்த கிரேடே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதைப் படித்த ஆஸ்ட்வால்ட் நேரில் தேடி வந்தார்.

1887-ல் அர்ஹீனியஸ் தெளிவாகச் சொன்னார்: மின்சாரம் பாய்ச்சாமலேயே, தண்ணீரில் கரைந்ததும் இவை அயனிகளாகப் பிரிகின்றன. 0.1 மோலார் கரைசலில் காஸ்டிக் சோடா கிட்டத்தட்ட முழுசாகப் பிரியும். அமோனியாவில் 100 மூலக்கூறுக்குச் சுமார் 1 மட்டுமே அயனியாகும். இந்த அளவைக் கணக்காக்குவதுதான் நீங்கள் மனப்பாடம் செய்த பிரிகை மாறிலி. 1888-ல் அதற்குச் சமன்பாடு தந்தவர் அதே ஆஸ்ட்வால்ட்.

1903-ல் அர்ஹீனியஸுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. காரணம், பேராசிரியர்கள் நம்பாத அந்த ஆய்வேட்டில் முளைத்த கோட்பாடுதான்.