வயிற்றுத் தோல் காலுக்குப் போனது!

கணுக்காலில் பெரிய காயம். சதை கிழிந்து எலும்பு தெரிகிறது. அங்கே மெல்லிய தோலை ஒட்டினால் பிடிக்காது. ரத்தம் ஓடும் தோல் வேண்டும். அதை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவருவது?

இதற்கு வழி காட்டியவர் சர் ஹரால்டு கில்லிஸ்.

அவர் 1882-ம் ஆண்டு நியூசிலாந்தில், டனீடின் நகரில் பிறந்தார். சிறுவயதில் முழங்கை ஒடிந்தது. அந்தக் கை முன்போல் மடங்கவே இல்லை. ஆனாலும் இங்கிலாந்து சென்று, படித்து, ரண சிகிச்சை டாக்டர் ஆனார்.

முதல் உலக யுத்தம் மூண்டது. மூக்கும் தாடையும் சிதைந்த சிப்பாய்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கென்று 1917-ல் சிட்கப் என்ற ஊரில் தனி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், முகம் வெந்த மாலுமி ஒருவருக்கு ஆபரேஷன். கில்லிஸ் மார்புத் தோலை, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்கும்படி உரித்தார். தோலின் ஓரங்கள் உள்பக்கம் சுருண்டன. அவருக்குச் சட்டென்று ஒரு யோசனை! சுருண்ட ஓரங்களைச் சேர்த்துத் தைத்தார். தோல் குழாய் ஆயிற்று. உள்ளே ரத்தம் ஓடியது, கிருமி புகவில்லை. ரஷ்ய டாக்டர் பிலாத்தோவும் அதே காலத்தில் இம்முறையைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

முகத்துக்கு வந்த முறை காலுக்கும் உதவியது. வயிற்றுத் தோலைக் குழாயாக்கி, ஒரு முனையை மணிக்கட்டில் ஒட்ட வைப்பார்கள். அது பிடித்ததும் வயிற்றிலிருந்து அறுத்து, கையைக் காலோடு சேர்த்துக் கட்டுவார்கள். நோயாளி வாரக்கணக்கில் குனிந்தபடியே கிடக்க வேண்டும். வேதனைதான். ஆனால் கால் தப்பும்!

எது போயிற்றோ, அதே மாதிரித் தோலைத் தேடு என்பது கில்லிஸ் வகுத்த விதி. குதிகால் உடம்பைத் தாங்குவது. அதற்குத் தடித்த தோல் வேண்டும். கணுக்காலுக்கு மெல்லிய தோல் வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு நுழையாது. டாக்டர்கள் இன்றும் இப்படித்தான் யோசிக்கிறார்கள்.

1973-ல் மெல்பர்ன் டாக்டர்கள் இடுப்புப் பக்கத் தோலை முழுவதும் அறுத்தெடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியின் உதவியால் அதன் ரத்தக் குழாய்களைக் கால் குழாய்களோடு தைத்தார்கள். கையையும் காலையும் கட்டிப் போடும் அவஸ்தை அதன்பின் குறைந்தது.

கில்லிஸ் அதைப் பார்க்கவில்லை. 1960 ஆகஸ்டு 3-ந் தேதி, 78 வயதில், ஓர் 18 வயதுப் பெண்ணின் காலில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் மூளையில் ரத்தம் உறைந்தது. செப்டம்பர் 10-ந் தேதி காலமானார்.

கடைசி வரை அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை!