விசா மறுத்த நாட்டிலேயே இரட்டையர் பட்டம்: யார் இந்த ஆர்தர் ஆஷ்?

1973 நவம்பர். ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம். தென்னாப்பிரிக்க ஓபன் டென்னிஸில் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை அமெரிக்காவின் ஆர்தர் ஆஷ், நெதர்லாந்தின் டாம் ஓக்கர் ஜோடி வென்றது. பார்க்க சாதாரண விளையாட்டுச் செய்திதான். ஆனால் அந்தத் தொடரில் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரர் ஆஷ். அதுவும் பஸ், பள்ளிக்கூடம், பீச் என எல்லாவற்றையும் நிறத்தை வைத்துப் பிரித்த நிறவெறி ஆட்சிக் காலத்தில்!

ஆஷுக்கு இந்தப் பிரிவினை புதுசு இல்ல. 1943-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் பிறந்தவர். அப்பா, கறுப்பினத்தவருக்கான பூங்காவின் பராமரிப்பாளர். வீடு பூங்காவுக்குள்ளேயே இருந்ததால், டென்னிஸ் கோர்ட் வாசலிலேயே கிடைத்தது. 6 வயதில் அம்மாவை இழந்தார். ஊரில் வெள்ளையர் ஆடும் கோர்ட்டுகளில் காலே வைக்க முடியாது.

1968-ல் அமெரிக்க ஓபன் சாம்பியன். ஃபைனலில் அவர் வீழ்த்தியது இதே ஓக்கரைத்தான். ஆஷ் அப்போது அமெச்சூர் வீரர், பரிசுப் பணம் வாங்கக் கூடாது. அதனால் 14,000 டாலர், தோற்றுப்போன ஓக்கர் கைக்குப் போனது. அந்த ஓக்கர்தான் 5 வருஷம் கழித்து இரட்டையர் பார்ட்னர்!

சரி, விசா விவகாரம் என்ன? 1969-ல் தென்னாப்பிரிக்காவில் ஆட விண்ணப்பித்தார் ஆஷ். மறுத்துவிட்டார்கள். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலிம்பிக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டு, பெயர் கெட்டுப் போயிருந்த அந்த அரசு 1973-ல் ஒருவழியாக இறங்கி வந்தது. ரசிகர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று ஆஷ் நிபந்தனை போட்டார். அது முழுசா நடக்கல.

ஒற்றையர் ஃபைனலில் ஜிம்மி கானர்ஸிடம் தோல்வி. (1975 விம்பிள்டன் ஃபைனலில் அதே கானர்ஸை வீழ்த்திக் கணக்கை நேர் செய்தது தனிக்கதை.) இரட்டையரில்தான் வெற்றி.

ஆனால் எல்லோரும் கைதட்டவில்லை. ஆஷ் போன்றவர்கள் வந்து ஆடினால் நிறவெறி அரசுக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்று உள்ளூர் கறுப்பினத்தவர் சிலரே எதிர்த்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அடுத்த வருஷமே இந்தியா வேறு வழியில் போனது. முதல்முறையாக டேவிஸ் கோப்பையை வெல்லும் வாய்ப்பு, எதிரணி தென்னாப்பிரிக்கா. சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய அணி ஃபைனலில் ஆடவே இல்லை. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கே போனது.

நேரில் போய்ப் பேசினால் மாற்றம் வரும் என்று நம்பிய ஆஷும், பிறகு புறக்கணிப்பின் பக்கம் வந்தார். 1983-ல் பாடகர் ஹாரி பெலஃபான்டேயுடன் சேர்ந்து, கலைஞர்களும் வீரர்களும் அங்கே போகக் கூடாது என்று இயக்கம் தொடங்கினார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்பு போராடிக் கைதானார்.

1983-ல் நடந்த இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட ரத்தம் மூலம் எச்ஐவி தொற்றியதாகக் கருதப்படுகிறது. 1992-ல் அதை வெளியே சொன்னார். 1993 பிப்ரவரி 6-ம் தேதி, 49 வயதில் இறந்தார். தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்தது 1994 ஏப்ரலில்.