பரிகளைக் காத்த பெருமகன்

போர்க்களத்தில் வென்றோரை உலகம் மறப்பதில்லை. போரின் நடுவே ஒரு கலையைக் காத்து நின்ற அலோய்ஸ் பொட்ஹாய்ஸ்கியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரென்பது நம் துணிபு.

1898ஆம் ஆண்டு மொஸ்தார் நகரிற் பிறந்த அன்னார், ஒஸ்திரியக் குதிரைப்படையில் அதிகாரியாய் விளங்கினார். நெடுநாட் பயிற்சியினாற் குதிரையைச் சிறு குறிப்பிற்கும் இசைந்து நடக்கச் செய்வதே டிரெசாஜ் என்னுங் கலை. பந்தயத்திற்கு உதவாதென ஒதுக்கப்பட்ட நீரோ என்னுங் குதிரையை அவர் அக்கலையிற் பழக்கி, 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

1939இல் வியன்னாவின் பழம்பெரும் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளிக்குத் தலைவரானார். 1945இல் நகரின்மீது குண்டுமாரி பொழிய, பள்ளியின் வெண்பரிகளைச் சென் மார்ட்டின் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டு மே 7ஆந் திகதி, வெற்றிபெற்று வந்த அமெரிக்கத் தளபதி பற்றனின் முன் அவற்றை நடத்திக் காட்டிப் பாதுகாப்புக் கோரினார். 1912இல் தாமும் ஒலிம்பிக்கிற் போட்டியிட்டவரான பற்றன் அதற்கு இசைந்தார். செக்கோஸ்லோவாக்கியாவிற் சிக்கியிருந்த பெட்டைக் குதிரைகளையும் அமெரிக்கப் படையினர் மீட்டனர். அவையின்றேல் அக்குலமே அருகியிருக்கும். 1955இற் பள்ளி வியன்னாவுக்கு மீண்டது.

1973இல் மறைந்த அப்பெரியார், தம் குதிரைகளையே ஆசிரியர்களென மதித்து நூலும் எழுதினார். குருபக்தியைப் பெரிதெனப் போற்றும் நாம், முன்னோர் தேடி வைத்த கலைகளை இடர்வந்த காலத்தும் கைவிடாது காப்போமாக.