கொடுமுடி கோகிலம்

மலருக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது எங்க ஊர்க்காரர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார், நண்பர்களே. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இல்லை. அம்மா பாலாம்பாள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய அந்தக் குரல்தான் நாடகக் கம்பெனிக்குப் போனது. மைக் இல்லாத காலம்; கடைசி வரிசைக்கும் கேட்கணும். இலங்கை வரை பேர் வாங்கினார். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். 1927-ல் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துவிட்டார். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயசுதான்.

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். எத்தனையோ பொம்பளைங்க கதை அந்த வெள்ளைச் சேலையோடு முடிந்திருக்கிறது! இவரோ ஆண் வேஷத்தையே தான் போட்டுக்கொண்டார். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாரே அவர்தான். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் கேட்டதால், தட்டிக்கழிக்கத்தான் 1 லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்றுவிட்டார்! படத்தை ஆனந்த விகடனில் கல்கி வெளுத்து வாங்கினார் என்பது வேறு விஷயம்.

மெக்கானிக்கலில் நான் சேர்ந்தபோது, எங்க வீட்டில் படிக்கவந்த முதல் ஆள் நான்தான், பொம்பளைப் புள்ளைக்கு லேத் எதுக்குன்னு சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எங்க அமுச்சிதான் சுந்தராம்பாள் நந்தனாராக நின்ற கதையை அவருக்குச் சொன்னது. அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சட்ட மேலவைக்கும் போனார். 1953-ல் 'ஔவையார்'. நம்மில் பலருக்குத் தெரிந்தது 1965-ல் வந்த 'திருவிளையாடல்' ஔவைதான். 'துணைவன்' பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் இறக்கும்வரை வெள்ளைச் சேலைதான்.

கொடுமுடியில் தன் பேரில் சினிமாக் கொட்டகை ஒன்றும் கட்டினார். அமுச்சி முதன்முதலில் படம் பார்த்தது அங்கேதானாம். என்ன படம் என்று கேட்டேன். அது மறந்துபோச்சாம், தரை டிக்கெட்டில் உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்காம்.