கொல்லிமலை தந்த மருத்துவ மேதை

சென்ற ஆண்டு கபடி ஆட்டத்தில் என் அண்ணனுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்தது. சிறு துளையிட்டு, குழாய்க் கருவியால் மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி சிகிச்சை தேவை என்றனர். புது ஜவ்வுக்கான தசைநாணை முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து எடுக்கலாம் என்றார் ஒரு மருத்துவர். தொடையின் பின்புறத்திலிருந்து எடுப்பதே நலம் என்றார் மற்றொருவர். இருவரில் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று அமராவதி நகரில் எங்கள் வீட்டார் அஞ்சினர். வீட்டில் மருத்துவச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. எனக்கும் விடை தெரியவில்லை. அப்போது கைகொடுத்தது டாக்டர் பால் பிராண்டு அவர்களின் வரலாறு.

பிராண்டு 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேய சமயத் தொண்டர்கள். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தையார் காய்ச்சலால் மாண்டார். முதலில் கட்டட வேலை கற்று, பின்னரே மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். பறவை நகம் போல் விரல்கள் வளைந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் நலமாக உள்ளன என்று உணர்ந்தார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தலாம் அல்லவா?

எந்த நாணை எடுப்பது? அமெரிக்க மருத்துவர் பன்னல் காட்டிய வழியில், விரலை மடக்கும் நாண் ஒன்றை முதலில் எடுத்தார். விரல்கள் நிமிர்ந்தன, ஆனால் சிலருக்கு நாளடைவில் எதிர்ப்புறமாக வளைந்தன. ஆகவே மணிக்கட்டை நிமிர்த்தும் நாணைத் தேர்ந்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் அதை நீட்டி, நான்காகப் பிரித்து விரல்களில் பொருத்தினார். பம்பாயில் டாக்டர் அந்தியா முன்கையின் வேறொரு மெல்லிய நாணைக் கையாண்டார். அர்ஜென்டினாவின் சான்கொல்லியோ விரல் மடக்கும் நாணையே கண்ணியாக மாட்டினார். நோக்கம் ஒன்று; வழிகள் பல. இளகிய விரலுக்கும் விறைத்த விரலுக்கும் ஒரே முறை பொருந்துமா?

கை நிமிர்ந்ததும் பிராண்டின் கடமை முடியவில்லை. கை நேரானதால் இரக்கம் காட்டுவோர் குறைந்தனர், பிச்சையும் குறைந்தது என்று சிலர் வந்து முறையிட்டனர். அவர்கள் தொழில் கற்க 1951-இல் நவஜீவ நிலையம் எழுந்தது. தாம் கற்ற தச்சுவேலை அங்கே பயன்பட்டது. திருத்திய கைகள் உளி பிடிப்பதை அவர் நேரில் கண்டார். 1960-இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966-இல் அமெரிக்கா சென்று, 2003-இல் அங்கேயே மறைந்தார்.

தம் முறையே சிறந்தது என்று பிடிவாதம் பிடிக்காமல், நோயாளியின் கையைப் பார்த்து முறையை மாற்றிக்கொண்டதே அவர் பெருமை. இதை அறிந்தபின், எந்த முறை உயர்ந்தது என்று கேட்பதை விட்டோம். தாங்கள் சிகிச்சை செய்தவர்கள் பிறகு எப்படி நடக்கிறார்கள் என்று இரு மருத்துவர்களிடமும் கேட்டோம். இருவரும் பொறுமையாக விளக்கினர். அவரவர்க்குக் கைவந்த முறையையே அவரவர் கூறியிருந்தனர். ஏமாற்று ஏதுமில்லை. அண்ணன் இன்று கைத்தடியின்றி நடக்கிறார். நோயுற்றோருக்குத் துணையாகச் செல்லும் நண்பர்களே, நீங்களும் அக்கேள்வியைக் கேளுங்கள்.