அன்னை மரியானும் அவர் திறந்த வைத்தியசாலைகளும்

மொலோக்காய் தீவு என்றதும், அன்பான வாசகர்களே, உங்கள் நினைவில் எழுபவர் தமியான் அடிகளார்தான். ஆனால் 1889ஆம் ஆண்டில் அவர் கண்மூடிய பின்னர், அவர் வளர்த்த அநாதைச் சிறுவர்களை யார் பொறுப்பேற்றார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பொறுப்பேற்றவர் அன்னை மரியான் கோப். அவரை அறிந்துகொள்ள விரும்பினால் மொலோக்காயில் தொடங்குவது போதாது. நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில், ஒரு பழைய மதுச்சாலையின் வாசலில் தொடங்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் 1838 ஜனவரி 23ஆம் நாள் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பார்பரா. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அமெரிக்காவின் யூற்றிக்கா நகருக்குக் குடிபெயர்ந்தது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் தகப்பனார் நோயில் விழவே, பார்பரா ஆலை வேலைக்குப் போனார். துறவற அழைப்பு உள்ளத்தில் இருந்தும் வீட்டுச் சுமை ஒன்பது ஆண்டுகள் அவரைப் பிடித்து வைத்தது. 1862இல், 24ஆவது வயதில்தான் சிரக்கியூஸ் பிரான்சிஸ்குச் சபைக் கன்னியரோடு சேர்ந்து மரியான் என்ற பெயரைப் பெற்றார்.

அக்கால அமெரிக்காவில் வைத்தியசாலை என்றால் என்னவென்று சற்று எண்ணிப் பாருங்கள். பிலடெல்பியாவில் தோமஸ் பொண்ட் என்ற வைத்தியரும் பெஞ்சமின் பிராங்கிளினும் பென்சில்வேனியா வைத்தியசாலையை நிறுவியது 1751இல். அதற்கு நூறாண்டுக்குப் பின்னரும் வசதியுள்ளவர்கள் தம் வீட்டுக் கட்டிலிலேயே வைத்தியம் பெற்றார்கள். வைத்தியசாலைக்குப் போனவர்கள் ஏழைகள், ஊர் பேர் தெரியாதவர்கள், பார்ப்பாரற்றவர்கள். அங்கே போனால் பிணமாகத்தான் திரும்பலாம் என்ற அச்சமும் மக்களிடம் இருந்தது. அழுக்கான கைகளும் அழுக்கான துணிகளும் நோயைப் பரப்பிய காலத்தில் அந்த அச்சம் வீண் அச்சமுமல்ல.

இந்த நிலையில்தான் பிரான்சிஸ்குக் கன்னியர் 1866இல் யூற்றிக்காவில் புனித எலிசபெத் வைத்தியசாலையையும், 1869இல் சிரக்கியூசில் புனித சூசையப்பர் வைத்தியசாலையையும் திறந்தார்கள். இரண்டு முயற்சிகளிலும் சகோதரி மரியானுக்குப் பங்குண்டு. நாட்டின் முதல் ஐம்பது பொது வைத்தியசாலைகளுள் இவை எண்ணப்படுகின்றன. சிரக்கியூசில் கிடைத்த கட்டடமோ முன்னர் மதுச்சாலையும் நடன மண்டபமுமாக இருந்தது! 1870 முதல் 1877 வரை அதை நடத்தும் பொறுப்பு மரியானிடம் இருந்தது. இனம், மதம், நிறம் பாராமல் எல்லாரும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். குடிகாரரையும் படுக்கையில் கிடத்திப் பராமரித்தபோது ஊரில் பலர் முகஞ்சுளித்தார்கள். குடி ஒழுக்கக்கேடு மட்டுமே என்று கருதப்பட்ட நாட்களில் மரியான் அதை ஒரு நோயாகவே நடத்தினார். கண்டனம் வந்தது, கதவு மூடப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1870களின் தொடக்கத்தில் ஜெனீவா என்ற ஊரிலிருந்த மருத்துவக் கல்லூரி சிரக்கியூசுக்கு மாற்றப்பட்டபோது, மாணவர்கள் நோயாளரிடத்தில் பயில மரியான் தம் வைத்தியசாலையில் இடம் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. மாணவர் தம்மைத் தொடுவதை நோயாளி விரும்பாவிட்டால் மறுக்கலாம். காசில்லாத நோயாளிக்கும் இந்த உரிமை உண்டு. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு அந்நாளில் எவ்வளவு புதுமையானது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

1883இல், அவர் சபைத் தலைவியாக இருந்த வேளை, அப்போது தனி இராச்சியமாக இருந்த ஹவாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழுநோயாளரைப் பராமரிக்கக் கன்னியர் வேண்டும் என்பதே வேண்டுகோள். ஐம்பதுக்கும் மேற்பட்ட சபைகள் ஏற்கெனவே மறுத்திருந்தன. மரியான் தாமே முன்வந்தார். ஆறு சகோதரிகளுடன் அவ்வாண்டு நவம்பர் 8இல் ஹொனலூலுத் துறையில் இறங்கினார். ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்புவதாகவே எண்ணியிருந்தார், திரும்பவேயில்லை.

அங்கே காக்காக்கோ என்ற இடத்திலிருந்த வைத்தியசாலையில், நூறு பேருக்கான இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். கன்னியர் வாளியும் துடைப்பமும் எடுத்தார்கள். நோயாளரைக் கொடுமைப்படுத்திய நிர்வாகி ஒருவர் இருந்தார். அவரை நீக்குங்கள், அல்லது நாங்கள் சிரக்கியூசுக்குத் திரும்புகிறோம் என்ற பொருள்பட அன்னை அரசாங்கத்துக்கு உறுதியாகத் தெரிவித்தார். நிர்வாகி போனார், பொறுப்பு முழுவதும் அன்னையிடம் வந்தது. நோயாளரின் நோயற்ற பெண்பிள்ளைகளுக்கு 1885இல் கப்பியோலானி இல்லத்தையும் திறந்தார்.

1886இல், தொழுநோய் பற்றிய தமியான் அடிகளார் ஹொனலூலுவுக்கு வந்தபோது, அரசிலும் திருச்சபையிலும் மேலிடத்தவர்கள் அவரை வரவேற்கவில்லை. விருந்தோம்பி உபசரித்தவர் அன்னை மரியான் ஒருவரே. நம்மவர்கள் இதைப் படித்து வருந்துவது நியாயம்தான்.

1888 நவம்பரில் அன்னை இரு சகோதரிகளுடன் மொலோக்காயின் கலவுப்பாப்பாவுக்குச் சென்றார். ஐந்து மாதங்களில் அடிகளார் இறந்தார். பெண்பிள்ளைகளுக்கென அமைந்த பிஷப் இல்லத்தோடு, அடிகளாரின் சிறுவர் இல்லமும் அவர் பொறுப்பில் வந்தது. அந்த வறண்ட கரையில் மரங்கள் நாட்டினார். பெண்பிள்ளைகளுக்கு அழகான உடைகள் தைத்துக் கொடுத்தார். சாகப்போகும் பிள்ளைக்கு அழகிய சட்டை எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

தம் சகோதரிகள் எவரையும் இந்நோய் தொடாது என்று அவர் உறுதி கூறியிருந்தார். நோயாளரைத் தொட்டபின் கை கழுவும் கட்டுப்பாட்டைத் தளர்த்தவேயில்லை. உறுதி காப்பாற்றப்பட்டது, ஒருவருக்கேனும் தொழுநோய் வரவில்லை.

அன்னை மரியான் 1918 ஆகஸ்ட் 9ஆம் நாள் கலவுப்பாப்பாவிலேயே இறந்தார். தமியான் அடிகளார் 2009இலும், அன்னை மரியான் 2012 அக்டோபர் 21ஆம் நாளிலும் புனிதர்களாகப் பிரகடனம் செய்யப்பட்டார்கள். அன்னையின் திருப்பண்டங்கள் 2005இல் சிரக்கியூசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன; 2014இல் மீண்டும் ஹவாய்க்கு வந்து, ஹொனலூலுவின் சமாதான மாதா பேராலயத்தில் வைக்கப்பட்டன.